பார்க்காமலிருக்கச் சம்பளம்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. நிலைத்தது அண்ணன் வைத்த பேர்: வெந்நி. எந்நேரமும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரியே நிற்பாள், நடப்பாள், பேசுவாள். அடுப்பில் பால் வைத்தால் நாலு தரம் எட்டிப் பார்ப்பாள்; ஐந்தாம் தரம் வேறெதையோ எடுக்க ஓடுவாள்; அந்த நேரம் பார்த்துப் பால் பொங்கி வழியும். பஸ் வரவில்லையென்றால் அடுத்த நிறுத்தத்துக்கு நடந்துவிடுவாள். பாதி வழியில் பஸ் அவளைத் தாண்டிப் போகும். பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளை வாயைத் திறப்பதற்குள் "எனக்குச் சம்மதம்" என்று இவளே சொல்லிவிட்டாள். அண்ணன் அதை இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையைக் கேளுங்கள். காத்திருப்பது! அதற்குத்தான் மாதாமாதம் சம்பளம்.

மருத்துவ ஆராய்ச்சி நடத்தும் ஓர் அலுவலகத்தில் மூன்றாவது மாடி. கடுமையான நுரையீரல் தொற்றுக்கு ஒரு புது மருந்து வந்திருந்தது. அது பழைய மருந்தைவிட மேலா என்று பார்க்க, பத்தொன்பது ஆஸ்பத்திரிகளில் ஆயிரத்து இருநூறு நோயாளிகள். குலுக்கிப்போட்ட மாதிரி பாதிப் பேருக்குப் புதியது, பாதிப் பேருக்குப் பழையது. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, ஊசி போடும் நர்ஸுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. அந்தப் பட்டியல் உள்ளறையில் எந்த ஒயரோடும் இணைக்காத ஒரே ஒரு கம்ப்யூட்டரில் இருந்தது. அறைச் சாவி புள்ளிவிவரக்காரியான வெந்நியிடம். உள்ளே போகும் ஒவ்வொரு முறையும் வாசலில் தொங்கும் ரிஜிஸ்டரில் நேரமும் காரணமும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

ஆயிரத்து இருநூறு பேரும் முடியும்வரை கண்ணை மூடிக்கொண்டிருக்க முடியாது என்பது நியாயம்தான். புது மருந்து நிஜமாகவே உயிரைக் காப்பாற்றுகிறதென்றால், கிடைக்காதவன் வீணாகச் சாகிறான். கெடுதல் செய்கிறதென்றால் அது அதைவிட அநியாயம். அதனால் நடுவில் எட்டிப் பார்ப்பார்கள். முந்நூறு பேர் முடிந்ததும் ஒரு முறை, அறுநூறில் ஒரு முறை, தொள்ளாயிரத்தில் ஒரு முறை, கடைசியில் ஒரு முறை. அதற்கு மேல் கிடையாது.

ஏன் கிடையாது? பார்த்தால் என்ன, கண்ணு கெட்டா போகும்? பூவா தலையா போட்டுப் பாருங்கள். காசைச் சுண்டிக்கொண்டே இருப்போம். பூ எனக்கு, தலை உங்களுக்கு. ஒரே ஒரு சலுகை: எப்போது நிறுத்துவது என்பதை என்னிடம் விட்டுவிடுங்கள். நான் முன்னால் இருக்கிற நேரமாகப் பார்த்து "போதும்" என்பேன். இதில் ஜெயித்தது காசா, என் திருட்டுத்தனமா? அதேதான் இங்கேயும். ஒன்றுக்கும் உதவாத மருந்தைக்கூட அடிக்கடி எட்டிப் பார்த்தால், ஏதாவது ஒரு நாள் அது அற்புதமாகத் தெரியும். அதனால்தான் ஒவ்வொரு பார்வைக்கும் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். முதல் பார்வையின் கோடு எட்டாத உயரத்தில், போகப்போக இறங்கும். கோட்டைத் தாண்டினால் ஆராய்ச்சியை நிறுத்தி, எல்லோருக்கும் புது மருந்தைக் கொடுத்துவிடலாம். தாண்டாவிட்டால் வாயை மூடிக்கொண்டு நடையைக் கட்ட வேண்டும்.

வெந்நி இதைச் சூடு பட்டுத்தான் கற்றாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் இருமல் மருந்து. யாரும் கேட்காமல் ஒவ்வொரு திங்கட்கிழமையும் கணக்கைப் போட்டுப் பார்த்தாள். பதினோராவது திங்கட்கிழமை மருந்து ஜெயித்தது! மேலதிகாரி அறைக்கு ஓடினாள், கைதட்டல், பத்திரிகையில் செய்தி. ஒன்றரை வருஷம் கழித்து வேறொரு குழு பெரிதாகச் செய்து பார்த்தது. தண்ணீர் குடித்தாலும் அவ்வளவுதான் குணமாகும் என்று தெரிந்தது. மேலதிகாரி கோபப்படக்கூட இல்லை. "மருந்து வேலை செய்யலம்மா. உன் திங்கக்கிழமைதான் வேலை செஞ்சிருக்கு" என்றார். அந்த ஒரு வாக்கியம் இருபது வருஷமாக அவள் காதில் இருக்கிறது. அதன்பிறகு அலுவலகத்தில் அவள் கல். அத்தனை வெந்நீரும் வீட்டில்தான்.

வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். இடி விழுந்தாலும் "அப்படியா" என்பவர். "நான் ஜனங்க பார்க்கறதுக்குக் கண்ணாடி விக்கறேன், நீ பார்க்காம இருக்கறதுக்குச் சம்பளம் வாங்கறே. நம்ம வீட்ல யாருக்குடி புத்தி அதிகம்?" என்று கேட்பார். அவள் துடைத்த மேசையையே மறுபடி துடைப்பாள்.

முந்நூறு பேர் முடிந்தபோது முதல் பார்வை. பழைய மருந்துக்காரர்களில் முப்பத்து நாலு பேர் இறந்திருந்தார்கள், புதியதில் இருபது. ஒரே ஒரு தரம் பார்க்கிற ஆராய்ச்சியாக இருந்தால் வெற்றி என்று எழுதிவிடலாம். ஆனால் முதல் கோடு அதற்கும் வெகு மேலே. ஐந்து பேர் கொண்ட கண்காணிப்புக் குழுவுக்குத் தலைவி, ஓய்வுபெற்ற ஒரு டாக்டரம்மா. எண்களை மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு, "தொடரலாம்" என்ற ஒரு சொல்லை மட்டும் வெளியே அனுப்பினார். பத்தொன்பது ஆஸ்பத்திரிக்கும் தெரிந்தது அந்தச் சொல்தான். அதன் பின்னால் இருந்த பதினாலு உயிர் வித்தியாசம் குழுவுக்கும் வெந்நிக்கும் மட்டும். ஊமை கண்ட கனவு மாதிரி அதை வைத்துக்கொண்டு ஐந்து மாதம் அல்லாடினாள். தினமும் புது நோயாளிகள் சேர்ந்த பட்டியல் வரும்போதெல்லாம், 'இதில் பாதிப் பேருக்கு...' என்று தொடங்குவாள், முடிக்க மாட்டாள்.

அப்போதுதான் அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஈரமான குழிகளில் இறங்கி வேலை பார்ப்பவன். சளி என்று நினைத்தான், கஷாயம் என்றான், "எனக்கென்னடி, இரும்பு" என்றான். நாலாம் நாள் மூச்சு விட முடியாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை அண்ணி போன் செய்தாள்.

"ஏம்மா, இங்க ஏதோ ஆராய்ச்சியாம். கையெழுத்துக் கேக்கறாங்க. பேப்பர்ல உங்க ஆபீஸ் பேர்தான் போட்டிருக்கு. சேரலாமா, வேண்டாமா?"

சேர்ந்தால் புது மருந்து கிடைக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சேராவிட்டால் பழையதுதான். 'சேருங்க' என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் அந்த ஒரு சொல்லிலேயே ரகசியம் வெளியே வந்துவிடும்.

"அண்ணி, அதை நான் சொல்லக்கூடாது. டாக்டர்கிட்ட நல்லாக் கேட்டுக்கங்க. உங்க இஷ்டம்தான்."

"என் இஷ்டமா? உன் கூடப்பொறந்தவன்மா! தக்காளி வாங்கப் போனாக்கூட, 'இது நல்லால்லம்மா, நாளைக்கு வாங்க'ன்னு கடைக்காரன் சொல்றான். நீ என்னடான்னா..."

"அண்ணி, ப்ளீஸ்."

அண்ணி கையெழுத்துப் போட்டாள். மத்தியானம் மறுபடி போன். "ஒரு அட்டை கொடுத்திருக்காங்க. பதினொண்ணு, கோடு, பூஜ்யம் நாப்பத்தி மூணுன்னு இருக்கு. இது என்ன நம்பர்?" வேண்டாம் என்று சொல்வதற்குள் படித்தே விட்டாள்.

சொந்தக்காரர் ஆராய்ச்சியில் சேர்ந்தால் அன்றைக்கே டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டு விலகிக்கொள்ள வேண்டும், அதுதான் விதி. சாயந்திரம் சொல்லலாம் என்று நினைத்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். ஜென்மத்தில் எதையும் தள்ளிப்போடாதவள் இதைத் தள்ளிப்போட்டாள் பாருங்கள், அங்கேதான் சனி பிடித்தது.

வியாழக்கிழமை காலை அண்ணனுக்கு ஆக்ஸிஜன் அளவைக் கூட்டிவிட்டார்கள் என்று செய்தி. வெந்நிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நோயாளி எண் தலைக்குள் கொசு மாதிரி சுற்றியது. தண்ணீர் குடிக்கப் போனாள், திரும்பினாள். ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். ரிஜிஸ்டரில் நேரம் எழுதினாள். காரணம் என்ற கட்டத்தில் பேனா ஒரு நிமிஷம் நின்றது. "பட்டியல் சரிபார்ப்பு" என்று எழுதினாள். இருபது வருஷத்தில் அந்த ரிஜிஸ்டரில் அவள் எழுதிய முதல் பொய்.

ஒரே ஒரு வரியைத்தான் பார்த்தாள். பழைய மருந்து.

முப்பத்து நாலு, இருபது. முப்பத்து நாலு, இருபது. அவளுக்கு வேறெதுவும் ஓடவில்லை. இப்போதுவரை ஐந்நூற்று அறுபத்தெட்டு பேரின் முடிவு வந்திருந்தது. அறுநூறு ஆக இன்னும் இரண்டு வாரம். அந்த இரண்டு வாரம் அண்ணன் தாங்குவானா?

அந்த நேரத்தில் மூளை குறுக்கு வழியைத் தேடிப் பிடித்தது. அறுநூறு என்றால் கறாராக அறுநூறு அல்ல. குழுவினர் வசதி, விடுமுறை என்று கண்காணிப்புக் கூட்டத்தை ஒரு வாரம், இரண்டு வாரம் முன்பின்னாக வைக்கலாம்; கோட்டையும் அதற்கேற்ப ஏற்றிப்போட வழி இருக்கிறது. ஒரே ஒரு கண்டிப்பு: தேதியை மாற்றுவதற்கு, உள்ளே பார்த்தது காரணமாக இருக்கக்கூடாது. உள்ளே பார்த்தது யாருக்குத் தெரியும்? அவளுக்கு மட்டும். தேதி குறிப்பதும் அவளேதான். நாளைக்கே கூட்டம் வைத்து, கோட்டைத் தாண்டிவிட்டால், சனிக்கிழமை அண்ணனுக்குப் புது மருந்து. ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது.

போனை எடுத்தாள். "டாக்டரம்மா, ரெண்டாவது கூட்டத்தை நாளைக்கே வச்சுக்கலாமா? ஐந்நூத்தி அறுபத்தெட்டு வந்தாச்சு. அடுத்த வாரம் ரெண்டு பேர் ஊர்ல இல்ல."

"அதுக்கென்னம்மா, நீ சொன்னாச் சரிதான். உன்னை மாதிரி பொறுமைசாலி எங்க கிடைப்பாங்க" என்றார் டாக்டரம்மா.

பொறுமைசாலி! வாழ்க்கையில் முதல்முறையாக ஒருத்தர் அவளை அப்படிச் சொன்னார், அதுவும் அன்றைக்கா சொல்ல வேண்டும்? நடைபாதையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். மனசு ஒரு பக்கம், அவன் சாகட்டும் என்று விட்டுவிடுவாயா என்று கேட்டது. இன்னொரு பக்கம், இது அதே திங்கட்கிழமைதானே என்றது. முன்னால் இருக்கிற நேரமாகப் பார்த்து நிறுத்துவது. இந்த முறை காரணம் மருந்துகூட இல்லை, அண்ணன் மூச்சு. அந்தப் பதினாலு உயிர் வித்தியாசம் வெறும் அதிர்ஷ்டமாக இருந்துவிட்டால்? நாளை இதே மருந்தை இன்னும் எத்தனை ஆயிரம் பேருக்கு, இதுதான் நல்லது என்று ஏற்றுவார்கள்? அவர்கள் எல்லோரும் யாருக்கோ அண்ணன், யாருக்கோ அம்மா. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கழிவறைக் குழாயைத் திறந்துவிட்டு, ஒரு பாட்டம் அழுது முடித்து, முகம் கழுவிக்கொண்டு மறுபடி போனை எடுத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணன் சேர்ந்ததை, பட்டியலைத் திறந்ததை, தேதியை முன்னால் இழுத்ததை, அதற்கான காரணத்தை.

டாக்டரம்மா கடைசிவரை கேட்டுக்கொண்டார்.

"சாவியை இயக்குநர்கிட்டக் கொடுத்துட்டு வீட்டுக்குப் போம்மா. வேற ஆளை வச்சுக்கறேன். கூட்டம் அறுநூறுலதான் நடக்கும்." பிறகு குரல் தணிந்தது. "அண்ணன் எந்த ஆஸ்பத்திரி?... வேண்டாம், சொல்லாதே. நான் கேட்டிருக்கக்கூடாது."

அதன்பிறகு அவளுக்குப் போக ஒரே இடம் வார்டுதான். அண்ணனால் பேச முடியாது, முகமூடி. இவள் கட்டில் பக்கத்தில் உட்காருவாள், எழுவாள், போர்வையை இழுத்துவிடுவாள், அவன் சாப்பிட முடியாத ஆரஞ்சை உரித்து உரித்துத் தட்டில் அடுக்குவாள். "ஒரு இடத்துல உக்காருங்கம்மா, உங்களைப் பார்த்தே அவருக்கு மூச்சு வாங்குது" என்று நர்ஸ் விரட்டினாள். அண்ணியோ முகம் கொடுத்துப் பேசவில்லை. 'உங்க இஷ்டம்' என்று வெந்நி சொன்னதை அண்ணி மறக்கவில்லை. ஒவ்வொரு முறை நர்ஸ் மருந்துப் பையை மாற்றும்போதும் வெந்நி வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். இது பழையது, இவன் போய்விடுவான் என்று அவளுக்கு நிச்சயமாகத் தோன்றியது. வாயைத் திறந்து யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்காரரிடமும் இல்லை.

அறுநூறு பேர் முடிந்து கூட்டம் நடந்தது. "தொடரலாம்" என்று செய்தி வந்தது. கோடு தாண்டவில்லை என்பது மட்டும் புரிந்தது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று இந்த முறை அவளுக்கும் தெரியாது.

பதினேழாம் நாள் அண்ணன் முகமூடி இல்லாமல் மூச்சு விட்டான். இருபத்து மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தான். வந்தவன் சும்மா இருந்தானா? "எனக்குப் புது மருந்துதான். ஏத்தினவுடனே உள்ள ஜிலுஜிலுன்னு இருந்துச்சு, ஒடம்பு சொல்லுமில்ல!" என்று லிஃப்டில் ஏறுகிறவன், இறங்குகிறவன் எல்லோரிடமும் சொன்னான். வெந்நி அங்கே இருந்தால் எழுந்து போய்விடுவாள். அலுவலகத்தில் அவளைப் படிவம் சரிபார்க்கும் அறையில் போட்டிருந்தார்கள். தேதி விட்டுப்போயிருக்கிறதா, கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பது. பத்து நிமிஷம் பிடிக்கிற படிவக் கட்டை ஏழு நிமிஷத்தில் முடித்துவிட்டு, அடுத்த கட்டு எங்கே என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரு வருஷம் கழித்து ஆயிரத்து இருநூறும் முடிந்தது. முடிவு அச்சாகி வந்தது. பழைய மருந்தில் அறுநூறு பேரில் இறந்தவர்கள் நூற்று இருபத்தொன்று. புதியதில் அறுநூறு பேரில் நூற்றுப் பதினேழு. அவ்வளவுதான். ஒரு வித்தியாசமும் இல்லை. அவள் ஐந்து மாதம் சுமந்த பதினாலு உயிர், ஆட்கள் கூடக்கூடக் கரைந்து போயிருந்தது. அந்தப் பக்கத்தை மடியில் வைத்துக்கொண்டு, பாரம் இறங்கியதில் படிவக் கட்டுகள் நனைய அழுதாள்.

அடுத்த வாரம், சேர்ந்த ஒவ்வொருவருக்கும் என்ன மருந்து போனது என்று கடிதம் அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கூப்பிட்டான். போனபோது நாற்காலியில் உட்கார்ந்திருந்தான், மடியில் கடிதம்.

"பழைய மருந்தாமே" என்றான்.

"ம்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்ல அவகாசம் வேண்டும். அவளிடம் அது என்றைக்கும் இருந்ததில்லை. "மூணாம் நாளே தெரியும்."

"புதுசுதான் நல்லதுன்னு நெனச்சியா?"

"நெனச்சேன்."

"அப்ப நான் பொழைக்க மாட்டேன்னு?"

"அதையும் நெனச்சேன்ணா."

காபி கொண்டு வந்த அண்ணி கதவருகே அப்படியே நின்றுவிட்டாள். வெந்நி அவசரமாகப் பையைத் துழாவி அச்சுத்தாளை எடுத்து நீட்டினாள். "ஆனா அது தப்புண்ணா, இதோ பாரு. நூத்தி இருபத்தொண்ணு, நூத்திப் பதினேழு. ரெண்டும் ஒண்ணுதான். நான் சொல்லியிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது."

"இது இப்ப வந்த கணக்கு. அன்னைக்கு உனக்கு இது தெரியுமா?"

"தெரியாது."

"புது மருந்து கிடைச்சா நான் பொழைச்சுக்குவேன்னு நம்பிக்கிட்டே பக்கத்துல உக்காந்து ஆரஞ்சு உரிச்சிருக்க."

கண்ணில் நீர் கோத்து அண்ணன் முகம் மங்கலாகத் தெரிந்தது. "ஒரு தடவை மீறிட்டேன்" என்றாள். "டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணி, பொய்க் காரணம் சொல்லி, கூட்டத்தை மறுநாளே வைக்கச் சொன்னேன். உனக்காகத்தான். அவங்களும் சரின்னுட்டாங்க."

"அப்புறம்?"

"திரும்பக் கூப்பிட்டு எல்லாத்தையும் ஒத்துக்கிட்டேன்."

"எவ்வளவு நேரம் கழிச்சு?"

"நாப்பது நிமிஷம்."

அண்ணன் கடிதத்தை இரண்டாக மடித்தான், நாலாக மடித்தான். கோபமாக இருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு. அவன் முகத்தில் கோபமே இல்லை.

"அப்ப அந்த நாப்பது நிமிஷம் நீ என் தங்கச்சியா இருந்திருக்க" என்றான்.